மைதான வேலிக்கு அப்பால் துணை மின்நிலையம்: வீரர்களின் காயத்துக்கு மின்காந்தப் புலம் காரணமா?

பயிற்சி மைதானத்தின் வேலியை ஒட்டித் துணை மின்நிலையம். ஒரே பருவத்தில் நான்கைந்து வீரர்களுக்கு அடுத்தடுத்துத் தசைநாண் அறுகிறது, முழங்கால் நார் கிழிகிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் தோன்றும். அமெரிக்கக் கால்பந்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், 1988 முதல் சான்டா கிளாராவில் துணை மின்நிலையத்தை ஒட்டிய வளாகத்தில்தான் பயிற்சி செய்கிறது. அதன் முன்னணி வீரர்கள் பலர் காயத்தால் விழுந்தபின், 2026 தொடக்கத்தில் இந்த முடிச்சு பெரும் பேச்சானது. நிலையத்திலிருந்து வரும் மின்காந்தப் புலம், தசைநாணுக்கும் நாருக்கும் வலுவூட்டும் புரதமான கொலாஜனைப் பலவீனமாக்குகிறது, அதனால்தான் நார்கள் அறுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம்.

கேட்பதில் தவறில்லை. உடலே முதலாக வாழ்பவர்கள் தம்மைச் சுற்றியிருக்கும் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட உரிமை உள்ளவர்கள். ஆனால் "புலம் இருக்கிறதா" என்று கேட்டால் எங்கும் எப்போதும் "ஆம்" என்றுதான் பதில் வரும். எவ்வளவு இருக்கிறது, அந்த அளவு உடலுக்குள் என்ன செய்யும், காயங்களின் போக்கு அதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அப்படிக் கேட்டால், இன்று தெரிந்த இயற்பியலும் உடலியலும் இந்தக் காரணத்துக்கு ஆதரவாக நிற்கவில்லை.

வேலியருகே எவ்வளவு?

மின்கம்பியைச் சுற்றி இரண்டு புலங்கள் உண்டு. மின்னழுத்தத்தால் வருவது மின்புலம். மரம், சுவர், கூரை எல்லாம் அதைத் தடுத்துவிடும். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் வருவது காந்தப்புலம். அது சுவரைத் தாண்டும், உடலுக்குள்ளும் புகும். ஆகவே பேச்செல்லாம் காந்தப்புலத்தைப் பற்றியதுதான். பலர் தவறவிடும் செய்தி ஒன்று: காந்தப்புலம் கிலோவோல்ட்டைப் பொறுத்ததல்ல, ஆம்பியரைப் பொறுத்தது. கோபுரத்தில் 230 கிலோவோல்ட் என்று எழுதியிருப்பதை வைத்துக் கீழே எத்தனை மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்று சொல்ல முடியாது. அதே கோபுரத்தின் கீழ் அதிகாலை ஒரு அளவு, சுமை ஏறும் மாலையில் வேறு அளவு.

ஒரு கணக்குப் போடலாம். மூன்று கட்ட மின்தொடர் ஒன்று. ஒவ்வொரு கம்பியிலும் 500 ஆம்பியர் ஓடுகிறது, கம்பிகள் 5 மீட்டர் இடைவெளியில் கிடையாக உள்ளன. மூன்று கட்டங்களும் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்வதால், புலம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 12 மீட்டரில் சுமார் 6 மைக்ரோடெஸ்லா, 50 மீட்டரில் 0.35, 100 மீட்டரில் 0.09. வீடுகளுக்குள் சாதாரணமாக இருப்பதே 0.05 முதல் 0.1 மைக்ரோடெஸ்லா வரை. அதாவது 100 மீட்டர் தள்ளி நின்றால் மின்தொடரின் பங்கைத் தனியே பிரித்துக் காண்பதே கடினம்.

துணை மின்நிலையத்தில் அச்சுறுத்தும் தோற்றம் மின்மாற்றிக்குத்தான். ஆனால் அதன் காந்தப்புலம் பெரும்பாலும் இரும்பு உள்ளகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே கசிவது, தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப வெகுவேகமாகக் குறையும். வேலிக்கு வெளியே அளப்பவர்களுக்குப் பெரிய எண் கிடைப்பது நிலையத்துக்குள் நுழையும், வெளியேறும் கம்பிகளின் அடியிலும், புதைத்த கேபிள்களின் மேலும்தான். மைதானத்துக்குக் குறுக்கே கம்பி போகவில்லை என்றால், நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் மைதானத்தின் நடுவில் பெரிய புலம் வந்துவிடாது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலின்படி, தலைமுடி உலர்த்தியிலிருந்து 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா. தூசு உறிஞ்சியிலிருந்து 30 சென்டிமீட்டரில் 2 முதல் 20. இக்னிர்ப் எனச் சுருக்கி அழைக்கப்படும், இத்தகைய புலங்களிலிருந்து மக்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஆணையம், பொதுமக்களுக்கு 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டிலும் 200 மைக்ரோடெஸ்லாவைப் பரிந்துரை வரம்பாக 2010இல் வைத்தது. தொழிலாளர்களுக்கு 1,000.

வீரர் ஒருவர் தினம் 5 மணி நேரம் 1 மைக்ரோடெஸ்லா உள்ள இடத்திலும், மீதி 19 மணி நேரம் 0.05 உள்ள இடத்திலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நாள் சராசரி 0.25 மைக்ரோடெஸ்லா. இந்தக் கட்டுரை முழுவதும் பேசப்படும் அளவு இந்த வரிசையில் இருப்பது.

காலுக்குள் என்ன நடக்கும்?

மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், உடலுக்குள் ஒரு சிறு மின்புலத்தைத் தூண்டும். அதைக் கணக்கிடுவது எளிது: பை, அதிர்வெண், காந்தப்புலம், உறுப்பின் ஆரம் நான்கையும் பெருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள காலில், 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோடெஸ்லா தூண்டுவது மீட்டருக்குச் சுமார் 8 மைக்ரோவோல்ட். இதயம் துடிக்கும்போது இரு கைகளுக்கும் இடையே எழும் மின்னலையே ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது இதைவிடப் பல மடங்கு அதிகம். புற நரம்பைத் தூண்ட மீட்டருக்கு ஏறத்தாழ 4 வோல்ட் வேண்டும். அந்த அளவை எட்ட இன்னும் 5 லட்சம் மடங்கு போக வேண்டும்.

"கதிர்வீச்சு மூலக்கூறை உடைக்கிறது" என்ற பேச்சும் உண்டு. எக்ஸ் கதிர் உடைக்கும், உண்மை. 50 ஹெர்ட்ஸ் புலத்தின் ஒரு குவாண்டத்தின், அதாவது அதன் மிகச்சிறு ஆற்றல் துணுக்கின், ஆற்றலோ, இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைப் பிரிக்கத் தேவைப்படுவதைவிடச் சுமார் 17 லட்சம் கோடி மடங்கு குறைவு. உடல் வெப்பத்தால் மூலக்கூறுகள் இயல்பாக அதிர்வதே இதைவிடப் பல கோடி மடங்கு வலுவானது. பிணைப்பை நேரடியாக அறுக்கும் வழி இங்கே இல்லை.

சரி, நேரடியாக உடைக்காவிட்டாலும், செல்கள் கொலாஜனைத் தயாரிக்கும் விதத்தைக் கெடுக்கலாமே? இது மேலும் நியாயமான வாதம், நின்று பதில் சொல்ல வேண்டியது. கொலாஜன் தசைநாணில் மட்டும் இருப்பதல்ல. தோல், ஈறு, ரத்தக் குழாய்ச் சுவர், எலும்பு எல்லாம் அதனால்தான் நிற்கின்றன. உடல் முழுவதும் கொலாஜன் உற்பத்தி கெட்டால் எப்படியிருக்கும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று: வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், புண் ஆறாது, பழைய தழும்புகூடப் பிரியும். புலம் உடல் முழுவதையும் ஒரே மாதிரி நனைக்கிறது. அப்படியிருக்க அது ஈறையும் தோலையும் விட்டுவிட்டு, வேகமாக ஓடும்போது அதிகச் சுமை ஏறும் பின்தொடையையும் குதிகாலையும் மட்டும் தேடிப்பிடிக்கிறது என்றால், அதற்குத் தனி விளக்கம் வேண்டும். சுமையே காரணம் என்றால் எந்தத் தனி விளக்கமும் தேவையில்லை.

இன்னொரு தடை காலம். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அதைக் கடிகாரமாக வைத்துக் குதிகால் தசைநாணின் வயதை அளந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. தசைநாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் மிக அரிதாகவே புதுப்பிக்கப்படுகிறது என்று அது காட்டியது. 24 வயதில் தொழில்முறை அணிக்கு வரும் வீரரின் தசைநாண் உட்பகுதி, இந்த மைதானத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நெய்யப்பட்டுவிட்டது.

எதிர்த் திசையிலும் சான்று இருக்கிறது. தானாக ஒன்றுசேராத எலும்பு முறிவுக்குத் துடிப்பு மின்காந்தப் புலம் தரும் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1979லேயே அனுமதி தந்தது. அத்தகைய கருவிகள் பெரும்பாலும் சில நூறு முதல் சில ஆயிரம் மைக்ரோடெஸ்லா வரை தருகின்றன. அலைவடிவம் வேறு என்பதால் மின்கம்பியின் புலமும் எலும்பைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் மடங்கு வலுவான புலத்தைப் புண்பட்ட இடத்திலேயே வாரக்கணக்கில் வைத்தும், பக்கத்து நார்கள் இற்றுப்போவது அந்தச் சிகிச்சையின் பக்கவிளைவாக அறியப்படவில்லை. அதே போல ஏசி வெல்டிங் செய்பவரை எண்ணிப் பாருங்கள். 200 ஆம்பியர் ஓடும் கேபிளிலிருந்து 5 சென்டிமீட்டரில் 800 மைக்ரோடெஸ்லா. நார் அறுதல் அந்தத் தொழிலின் நோயாக அறியப்பட்டிருந்தால், மைதானத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை இருந்திருக்கும்.

மூடிமறைக்கக் கூடாத ஒன்று உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல், மின்விநியோக அதிர்வெண்ணிலுள்ள காந்தப்புலத்தை 2பி வகையில், அதாவது "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் வைத்தது. வீட்டில் நீண்டகாலச் சராசரி 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்று ஏறத்தாழ இரு மடங்காகப் பதிவானதே காரணம். புலம்தான் அதைச் செய்கிறது என்று நிறுவப்படவில்லை, ஆய்வகச் சோதனைகளும் அதை உறுதி செய்யவில்லை. இருந்தாலும் அந்தத் தொடர்பு பதிவில் இருக்கிறது. அது குழந்தைகளின் ரத்தப் புற்றைப் பற்றியது. பெரியவர்களின் தசைநாணுக்கு அதை நீட்டுவது, எழுதாத கணக்குக்கு விடை சொல்வது போல.

தூக்கம் வழியாக, அதைத் தூண்டும் சுரப்பான மெலடோனின் குறைந்து, உடல் தேறுதல் கெடுகிறது என்பது இன்னொரு வாதம். தன்னார்வலர்களை இரவு முழுக்கப் புலத்தில் வைத்துப் பார்த்த சோதனைகள் பல உண்டு. அவற்றைத் தொகுத்த உலக சுகாதார நிறுவனம், உடலின் நாளமில்லாச் சுரப்பிகள் இதனால் பாதிக்கப்படுவதாகத் தரவு காட்டவில்லை என்று 2007இல் முடிவுக்கு வந்தது.

கைபேசிக் கோபுரம் வேறு கதை. அதன் அலைகளால் நிறுவப்பட்ட விளைவு சூடேற்றம். பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு கிலோவுக்கு 0.08 வாட். ஓடும் வீரரின் உடல் தானே உண்டாக்குவது கிலோவுக்கு 10 வாட்டுக்கும் மேல்.

காயங்கள் ஏன் கொத்தாக வருகின்றன?

தற்செயல் என்பது சீராகத் தூவுவதல்ல, கொத்துக் கொத்தாகத் தூவுவது. 32 அணிகள் உள்ள போட்டித்தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா அணிகளுக்கும் ஒரே ஆபத்து, பருவத்துக்குச் சராசரி 10 கடுங்காயங்கள் என்று பாவிப்போம். தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் பரவலின்படி, ஒரு குறிப்பிட்ட அணி 16 அல்லது அதற்கு மேல் எட்ட வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 32இல் ஏதாவது ஓர் அணி எட்டும் வாய்ப்பு 80 விழுக்காடு. ஆக, எந்தக் காரணமும் இல்லாமலே ஐந்தில் நான்கு பருவங்களில் ஓர் அணி "சபிக்கப்பட்டதாக" தெரியும். அந்த அணியின் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படத்தான் செய்யும்: மின்கம்பி, கோபுரம், தொழிற்சாலை, பழைய குப்பைமேடு.

ஒரே அணிக்குப் பல பருவங்கள் தொடர்ந்து காயம் கூடினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அப்போது முதலில் பார்க்க வேண்டியவை சலிப்பூட்டும் விஷயங்கள். இறுதிச் சுற்றுகள் வரை போகும் அணி அதிகப் போட்டிகள் ஆடுகிறது. அனுபவ வீரர்களை நம்பும் அணியின் சராசரி வயது அதிகம். ஏற்கெனவே காயம்பட்டவரை வாங்கும் அணி அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறது, ஏனென்றால் பின்தொடைக் காயத்துக்கு மிக வலுவான முன்னறிகுறியே முந்தைய பின்தொடைக் காயம்தான்.

ஐரோப்பிய உயர்நிலைக் கழகங்களை 2001 முதல் பின்தொடரும், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் ஆய்வு ஒரு நல்ல அளவுகோல். அதன் முதல் ஏழு பருவங்களில் 1,000 மணி நேரப் போட்டிக்கு ஏறத்தாழ 27 காயங்கள், பயிற்சிக்கு 4. 25 பேர் கொண்ட அணிக்குப் பருவத்துக்குச் சுமார் 50 காயங்கள் என்பது அங்கே இயல்பு நிலை. மொத்தக் காயங்களில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02இல் 12 விழுக்காடாக இருந்து 2021-22இல் 24 ஆனது. பல நாடுகளில், பலவகை மைதானங்களில் நடந்த ஏற்றம் இது. ஒரு மின்நிலையத்தால் விளக்க முடியாதது. வேகமும் போட்டி நெருக்கடியும் கூடியதைத்தான் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

அளந்து பார்க்க விரும்பினால்

அளப்பது மலிவானது, ஊகத்தை முடித்துவைக்கும். ஆனால் தவறாக அளப்பது புதிய பீதியைக் கிளப்பும்.

கைபேசிச் செயலியை நம்பக் கூடாது. கைபேசியிலுள்ள காந்தமானி திசைகாட்டிக்காக வைத்தது. அது காட்டும் 45 மைக்ரோடெஸ்லா பூமியின் நிலைக் காந்தப்புலம், உலகில் எங்கும் 25 முதல் 65 வரை இருப்பது. அதைக் குழந்தைகள் ஆய்வில் வந்த 0.4 என்ற எண்ணோடு ஒப்பிட்டு நூறு மடங்கு என்று பதறுபவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். அலகையும் கவனியுங்கள்: 1 மைக்ரோடெஸ்லா என்பது 10 மில்லிகாஸ். காட்டுவது மில்லிகாஸா மைக்ரோடெஸ்லாவா என்று பார்க்காமல் குறித்துக்கொண்டால் பத்து மடங்கு பிழை.

தேவை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸையும் அதன் மேலதிர்வுகளையும் அளக்கும், மூன்று அச்சுகளுள்ள, அளவுத்திருத்தச் சான்று பெற்ற காஸ்மீட்டர். ஓரச்சுக் கருவிதான் கிடைத்தது என்றால், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அளந்து, மூன்றையும் தனித்தனியே இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அளக்கும்போது கருவியை ஆட்டக் கூடாது. பூமியின் புலத்துக்குள் அசைந்தாலே சில கருவிகள் பொய்யான அளவைக் காட்டும்.

மைதானத்தை 10 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையிலும் 1 மீட்டர் உயரத்தில் அளவெடுங்கள். புதைத்த கேபிள் இருக்கும் இடத்தில் 0.5, 1, 1.5 மீட்டர் என மூன்று உயரங்களில் எடுத்துச் சராசரி காணுங்கள். மின்புலத்தையும் அளப்பதாக இருந்தால், கருவியை மின்கடத்தா முக்காலியில் வைத்து 2.5 மீட்டர் விலகி நிற்க வேண்டும், அளப்பவரின் உடலே அந்தப் புலத்தை வளைத்துவிடும். ஒரு தடவை அளப்பது போதாது. ஓரிடத்தில் பதிவுக் கருவியை ஒரு வாரம் ஓடவிட்டு, அதே நேரத்துக்கான சுமைப் பதிவை மின்நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஆம்பியரும் மைக்ரோடெஸ்லாவும் சேர்ந்து ஏறி இறங்கினால் புலம் அங்கிருந்து வருகிறது. இல்லையென்றால் மூலம் வேறு.

பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். சிகிச்சை அறைச் சுவரின் மறுபுறம் மின்பலகை, ஓடுபொறியின் மோட்டார், தளத்தின் அடியில் போகும் கேபிள். இன்னொன்று கம்பியிணைப்புப் பிழை: நியூட்ரல் கம்பி இரண்டு இடங்களில் பூமியோடு சேர்ந்திருந்தால், போகும் மின்னோட்டம் ஒரு வழியாகவும் திரும்புவது குழாய், இரும்புச் சட்டம் வழியாகவும் ஓடும். ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாததால் கட்டடம் முழுவதும் புலம் உயரும். இதைக் கண்டால் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், தசைநாணுக்காக அல்ல, மின்னதிர்ச்சிக்கும் தீவிபத்துக்கும் அது வழி என்பதற்காக. அழுத்தச் சிகிச்சை மேசையை மின்பலகைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போடுவதற்குச் செலவே இல்லை. மன நிம்மதிக்காகவேனும் அதைச் செய்யலாம்.

காயத்தோடு தொடர்பு உண்டா என்று உண்மையிலேயே சோதிக்க, ஓர் அணியின் பட்டியல் போதாது. எதைக் காயமாக எண்ணுவது என்பதை எண்ணத் தொடங்குமுன் எழுதிவைக்க வேண்டும். எண்ணிக்கையை 1,000 மணி நேரத்துக்கு இத்தனை என்று மாற்ற வேண்டும். பல அணிகளின் மைதானங்களை அளந்து வயது, பழைய காயம், ஆடிய நிமிடம், தரைவகை ஆகியவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். புலம் காரணம் என்றால் சில சுவடுகள் தெரிந்தே ஆக வேண்டும்: புலம் கூடக் கூடக் காயம் கூட வேண்டும், அங்கே பல ஆண்டுகள் இருப்பவருக்கு நேற்று சேர்ந்தவரைவிட அதிகம் வர வேண்டும், மோதலில் வரும் எலும்பு முறிவைவிடத் தானாக வரும் நார்க்கிழிவு தனித்து உயர வேண்டும், அணி இடம் மாறினால் குறைய வேண்டும். மின்நிலையத்தின் பக்கம் வீரர்களைவிட அதிக மணி நேரம் செலவிடும் புல்தரைப் பணியாளர்களிடமும் ஏதேனும் தெரிய வேண்டும்.

அதுவரை மருத்துவக் குழுவின் நேரம் போக வேண்டிய இடங்கள் நிறைய உள்ளன. முழங்காலிட்டு உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பின்தொடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல் போட்டிகளில் 2012 முதல் 2016 வரையிலான தரவின்படி, செயற்கைத் தரையில் கீழுடல் காயங்கள் இயற்கைப் புல்லைவிட 16 விழுக்காடு அதிகம். தலையில் அடிபட்டுத் திரும்பியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் கால் காயம் கூடுகிறது.

தசைநாணை உண்மையாகவே பலவீனப்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றைத் தேடுபவர்கள் மருந்துச் சீட்டைப் பார்க்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண் அழற்சிக்கும் அறுதலுக்கும் இட்டுச்செல்லும் என்று, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் மிகக் கடுமையான பெட்டி எச்சரிக்கையை இட்டது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் தசைநாண் அறுந்த நிகழ்வுகள் உண்டு. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வெளி மருத்துவர் எழுதித் தந்ததை வீரர் அணி மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது மிக எளிது. குதிகால் தசைநாண் அறுந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, கடந்த ஆறு மாதத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பது.

துணை மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் வரும் ஆபத்தும் இல்லாமல் இல்லை. மின்பழுது நேரும் கணத்தில் பெருமின்னோட்டம் மண்ணுக்குள் பாயும்போது, நிலத்தின் இரு புள்ளிகளுக்கு இடையே ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்னழுத்தம் எழக்கூடும். அதனால் மைதானத்தின் இரும்பு வேலியையோ இலக்குக் கம்பத்தையோ நிலையத்தின் வேலியோடு உலோகத்தால் இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மின்நிறுவனத்தின் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈட்டி, சங்கிலிக்குண்டு எறியும் இடத்தைக் கம்பிகளுக்குக் கீழே அமைக்கக் கூடாது. பந்து வேலிக்கு அப்பால் விழுந்தால் யாரும் ஏறிக் குதிக்கக் கூடாது, நீளக் கழியை உள்ளே நீட்டவும் கூடாது. நிலையத்தின் அவசரத் தொலைபேசி எண்ணை மைதான வாயிலிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். அவர்கள் வந்து எடுத்துத் தரும் வரை வேறு பந்தில் ஆடலாம்.